யோகா படிக்கப் போன சீனிச் சம்பல்

கல்முனையில் இரண்டு வருடமாக யோகா பழகும் நான், இன்னும் வடிவாகப் படிக்க ஒரு மாதப் பயிற்சிக்கு மைசூர் போனேன். போகுமுன் "சாப்பாடு ஹலாலா?" என்று மூன்று தடவை போன் எடுத்துக் கேட்டேன். "முழுக்கச் சைவம்தான்" என்றார்கள். நிம்மதியாகி, தொட்டுக்கொள்ள உம்மா செய்து தந்த சீனிச் சம்பல் போத்தலையும் பெட்டியில் வைத்தேன்.

முதல் நாள் பயிற்சியிலேயே இடுப்பு கழன்றுவிட்டது. பசியோடு வந்து, அங்கே தந்த தோசைக்குப் போத்தலைத் திறந்தேன். என் அறையில் தங்கியிருந்த கோயம்புத்தூர் அக்கா, பிறந்ததிலிருந்து சைவம். வாசனை பிடித்து, "எனக்கும் கொஞ்சம்" என்றார். அவர் தோசையிலும் தாராளமாக வைத்தேன்.

"இதுல என்னென்ன போடுவீங்க?" என்றபடி தோசையைப் பிய்த்தார்.

"வெங்காயம், சீனி, செத்தல் மிளகாய், மாசி..."

சொல்லும்போதுதான் உறைத்தது. மாசி காய்ந்த மீனல்லவா! எங்கள் குசினியில் அது உப்பு, புளி மாதிரி. யாரும் மீன் கணக்கில் சேர்ப்பதில்லை.

"அல்லாஹ்! வாயில வெச்சிராதீங்க, மீன் இருக்கு!" என்று கத்தி அவர் கையைப் பிடித்தேன்.

அக்கா தோசையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு விழுந்து விழுந்து சிரித்தார்.

என் தட்டுக்காக மூன்று தடவை போன் எடுத்தவள், அவர் தட்டை ஒரு தடவையும் யோசிக்கவில்லை. இப்போது வீட்டுக்கு யார் வந்தாலும், "என்ன சாப்பிடுறீங்க?" என்பதற்கு முதல் "என்ன சாப்பிட மாட்டீங்க?" என்றுதான் கேட்கிறேன்.