பதினோரு வாரத் தண்ணீர்

சௌதா டீச்சர் எவ்வளவு உயரம் என்று அவளிடம் படிக்கும் பிள்ளைகள் ஒருவருக்கும் தெரியாது. அவர்களுக்கு அவள் ஒரு முகம், ஒரு முக்காடு, பின்னால் கூரைவரை அடுக்கிய துணிக்கட்டுகள், அவ்வளவுதான். பிரிக்பீல்ட்ஸில் அவள் கணவன் ராசிக்கின் ஜவுளிக்கடைக்கு மேலே ஒரு கிடங்கு இருக்கிறது. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அங்கே மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு தண்ணீர் வகுப்பு நடத்துவாள். செலாயாங், செமினி, சுங்கை பூலோ, கிள்ளான் என்று நாலா பக்கத்திலிருந்தும் இருபத்திரண்டு பிள்ளைகள் திரையில் வந்து உட்காருவார்கள். சம்பளம் கிடையாது. பெற்றோர் சிலர் தீபாவளிக்கு முறுக்கு அனுப்புவார்கள்.

அதற்கு முன்னால் அவள் ஒன்பது வருஷம் ஒரு நீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் சோதனைக்கூடத்தில் வேலை பார்த்தவள். இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகு ஷிப்ட் ஒத்துவராமல் விட்டுவிட்டாள். வேலை போனாலும் கைப்பழக்கம் போகவில்லை. வீட்டில் மிளகாய்த்தூள் டப்பாவுக்குக்கூடச் சீட்டு உண்டு: வாங்கிய கடை, தேதி, திறந்த நேரம். "ஒருநாள் தூங்கி எழுந்திரிச்சா என் நெத்தியிலயும் ஒட்டியிருப்பா," என்று ராசிக் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பான்.

வகுப்பையும் அவள் சோதனைக்கூடம் மாதிரியேதான் நடத்தினாள். ஒவ்வொரு பிள்ளையும் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு தண்ணீரைத் தேர்ந்துகொள்ள வேண்டும். ஆறோ குளமோ லோங்காங் சாக்கடையோ, எதுவானாலும் சரி. சனிக்கிழமை காலையில் பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய் அதே இடத்தில் ஒரு போத்தல் பிடிக்க வேண்டும். பின்னால் வெள்ளைத்தாளை வைத்துக் கேமராவில் காட்ட வேண்டும். நிறம், பிள்ளைகள் சொல்லும் நாற்றம், நுரை, உள்ளே நெளியும் உயிர்கள் எல்லாவற்றையும், தகவல் தந்தவர் பெயரோடு, சௌதா ஒரு நீளக் கணக்குப் புத்தகத்தில் எழுதிக்கொள்வாள். போத்தலில் சீட்டு இருக்க வேண்டும்: பெயர், இடம், தேதி, நேரம். சீட்டு இல்லாமல் யாராவது காட்டினால், "அது எந்தத் தண்ணியோ, யார் கண்டா? அடுத்தவங்க காட்டுங்க," என்று தாண்டிப் போய்விடுவாள். எழுதியது தப்பாகிப்போனால் அழிக்கவும் கூடாது. சிவப்பு மையால் ஒரே ஒரு கோடு, பக்கத்தில் கையெழுத்து.

கிள்ளானிலிருந்து வந்த சிந்துவுக்குப் பத்து வயது. நெற்றியில் விபூதி, முன்பல் ஒன்று பாதி முளைத்திருக்கும். அவள் பிடித்துவந்த முதல் போத்தல் கருஞ்சிவப்பாக இருந்தது. அடுத்த வாரம் கருநீலம், அதற்கடுத்த வாரம் முட்டை மஞ்சள். மற்றப் பிள்ளைகளின் போத்தல்களெல்லாம் தேத்தண்ணீர் நிறத்தில் இருக்க, இவளுடையதைப் பார்க்க எல்லாரும் காத்திருந்தார்கள்.

"டீச்சர், சிந்து வீட்டு லோங்காங்ல ரோஸ் சிராப் ஓடுது லா!" என்பான் செலாயாங் வாசு. அவன் காட்டுவது பாசார் மீன்கடைகளுக்குப் பின்னால் எடுத்த தண்ணீர். மீன்செதில் மிதக்கும்.

சிந்துவின் முகம் பெருமையில் திரையை நிறைக்கும். தொழிற்சாலைத் தண்ணீர் என்பது சௌதாவுக்கு இரண்டாவது வாரமே புரிந்துவிட்டது. மூன்று மாதக் கணக்கு சேரட்டும், எல்லாவற்றையும் உரிய இடத்துக்கு எழுதி அனுப்பலாம் என்றிருந்தாள். ஆனால் பதினோராவது வாரம் பச்சை வந்தபோது அவளுக்குப் பொறுமை போய்விட்டது. சிந்துவின் பதினொரு போத்தல்களையும் வரிசையாகச் சேர்த்து ஒரே படமாக்கி, 'ஒரே கால்வாய், பதினோரு சனிக்கிழமை' என்று எழுதி வகுப்பின் முகநூல் பக்கத்தில் போட்டாள்.

சீட்டுகளை மறைக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. சோதனைக்கூடத்தில் சீட்டில்லாத போத்தல் குப்பைக்குத்தான் போகும். ஒன்பது வருஷம் பழகிய கண்ணுக்கு அந்தச் சீட்டு போத்தலின் ஒரு பகுதியாகவே தெரிந்தது. பதினொரு படத்திலும், உருண்டை உருண்டையான எழுத்தில், 'சிந்து அழகிரி' என்று இருந்தது. தெருவின் பெயரும் காலை 9.20 என்ற நேரமும் இருந்தன.

இரண்டு நாளில் ஆறாயிரம் பேர் பகிர்ந்தார்கள். கீழே யாரோ தொழிற்சாலையின் பெயரை எழுதினார்கள். திங்கட்கிழமை காலை வேறொருவர், "இந்தச் சிந்து அப்பா அங்கயேதானே வேலை செய்றாரு?" என்று கேட்டிருந்தார். அதைப் படித்த பிறகுதான் சீட்டுகளில் இருந்த பெயர் சௌதாவின் கண்ணில் பட்டது. உடனே பக்கத்திலிருந்து படத்தை நீக்கினாள். ஆறாயிரம் பேரிடமிருந்து எப்படி எடுப்பது?

புதன்கிழமை மதியம் முழுக்கைச் சட்டை போட்ட ஒல்லியான ஒருவர் கடைக்குள் வந்தார். எதுவும் கேட்காமல், மேசைமேல் விரித்திருந்த நீலத்துணியின் ஓரத்தை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"கலர் போகாது பாஸ். கேரண்டி," என்றான் ராசிக்.

"போகும்ங்க. ஒரு அலசல் கம்மியாப் பண்ணியிருக்காங்க. மொதல் ரெண்டு தொவைக்குத் தண்ணியெல்லாம் நீலமா வரும்." கையை எடுத்துக்கொண்டார். "நான் துணி வாங்க வரலீங்க. சௌதா மேடத்தப் பாக்கோணும். சிந்துவோட அப்பா."

அழகிரி கிடங்கில் ஒரு துணிக்கட்டின்மேல் உட்கார்ந்தார். ஊர் திருப்பூர்ப் பக்கம். நான்கு வருஷமாகக் கிள்ளானில் அந்தத் தொழிற்சாலையின் சாய மாஸ்டர். மனைவி கண்ணம்மாவும் சிந்துவும் அவருடைய விசாவில் வந்திருக்கிறார்கள்.

"படத்த எடுத்துட்டேன் அண்ணே," என்று சௌதா முந்திக்கொண்டாள். "பேரு தெரியறாப்ல போட்டது என் தப்பு. பெரிய தப்பு."

"உங்களக் கோவிச்சுக்க வரலீங்க. விசா அடுத்த மாசம் முடியுது. மொதலாளி கையெழுத்துப் போட்டாத்தான் புதுப்பிக்க முடியும். ஃபைல மேசைமேலயே வெச்சிருக்காரு. நான் போறப்ப வர்றப்பல்லாம் கண்ணுல படற மாதிரி." தொண்டையைச் செருமினார். "புள்ளைங்க வெளையாட்டுக்குக் கலர் கலந்ததுன்னு உங்க பக்கத்துல ஒரு வரி போடுங்க மேடம். அது போதும்னு அவரே சொன்னாரு."

"கலக்கலையே அண்ணே."

"இல்லீங்க."

"அது என்ன தண்ணின்னு உங்களுக்குத் தெரியும்தானே?"

"எனக்குத் தெரியாம வேற யாருக்குங்க தெரியும்? மொத வாரமே வீட்ல போத்தலப் பாத்தேன். மெரூன். ஓட்டல் பெட்ஷீட் ஆர்டர். எத்தன கிலோ சாயம்னு கேட்டாக்கூடச் சொல்லிருவேன். சுத்தம் பண்ற தொட்டி இருக்குதுங்க, ஓட்டுனா கரண்டு செலவுன்னு பாதி நாள் ஓட்ட மாட்டாங்க. புள்ள வந்து, அப்பா கலர் நல்லாருக்கான்னு கேட்டா. நல்லாருக்கு கண்ணுன்னேன்."

கீழே ராசிக் யாருக்கோ துணி கிழித்துக் கொடுக்கும் சத்தம் கேட்டது.

"என்னால அப்படி எழுத முடியாதுண்ணே," என்றாள் சௌதா. "வேற என்ன வேணாலும் செய்யறேன். நானே வந்து மொதலாளிகிட்டப் பேசவா?"

அழகிரி வாதாடவில்லை. பையிலிருந்து செய்தித்தாளில் சுற்றிய போத்தல் ஒன்றை எடுத்துத் தரையில் வைத்தார். பதினோராவது வாரத்துப் பச்சை.

"வீட்ல வெச்சுக்கப் பயமா இருக்குதுங்க. கண்ணம்மா பேசின்ல ஊத்தப் போனா. டீச்சர் ஊத்தக் கூடாதுன்னாங்கன்னு புள்ள ஒரே அழுவை. எங்க கொண்டுபோய் ஊத்தறதுன்னு எனக்குத் தெரியலீங்க."

தொட்டி தொட்டியாகச் சாயத்தைக் கால்வாயில் திறந்துவிடும் மனிதர் அதைச் சொன்னார். சௌதாவுக்கு ஒரு நொடி சிரிப்பு வரப்பார்த்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

அவர் போன பிறகு ராசிக் மேலே வந்தான். "ஒரு வரி எழுதிப் போட்டுட்டுப் போயேன். ஒரு குடும்பம் இங்கயே இருக்கும். லோங்காங் தண்ணிக்காகவா இவ்வளவு?"

"சாயம் போகாதுன்னு நீங்க வாய் கூசாம விக்கிறீங்க. எனக்கு அது வராது."

"அது வியாபாரம் லா."

"இது என் வேலை."

"காசு வராத வேலை," என்றான் அவன். ஆனால் போத்தலை மிதித்துவிடாமல் சுற்றிக்கொண்டுதான் போனான்.

அன்றும் மறுநாளும் சௌதா கைப்பேசியில் அந்த ஒரு வரியை அடித்தாள், அழித்தாள். கால்வாயைக் காட்டியது தப்பில்லை. குழந்தையின் பெயரைக் காட்டியதுதான் தப்பு. அந்தத் தப்புக்குப் பரிகாரமாக ஒரு பொய்யைக் கேட்கிறார்கள். கொடுக்காவிட்டால் தண்டனை அவளுக்கு இல்லை. அதுதான் அவளைத் தூங்கவிடவில்லை.

சனிக்கிழமை வந்தது. சிந்து வழக்கத்தைவிட முன்னாலேயே திரையில் வந்து உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பக்கத்தில், படத்தின் ஓரத்தில், முழுக்கைச் சட்டையின் முழங்கை ஒன்று தெரிந்தது. வகுப்பைப் பதிவு செய்யலாமா என்று கேட்டு அழகிரியின் எண்ணிலிருந்து ஒரு செய்தி வந்திருந்தது. யாருக்காக என்று சௌதா கேட்கவில்லை.

வாசுவின் மீன்செதில், செமினி புஷ்பவல்லியின் குளத்துத் தலைப்பிரட்டைகள் எல்லாம் முடிந்து சிந்துவின் முறை வந்தது. அவள் போத்தலைத் தூக்கவில்லை. ஒரு தாளைப் பார்த்துப் படித்தாள்.

"டீச்சர், நான் காட்டுன தண்ணியெல்லாம் நான் கலர் கலந்தது. சிராப்பும் கேக்குக்குப் போடற கலரும். லோங்காங் தண்ணி இல்ல. மன்னிச்சிருங்க."

எல்லாரும் ஒன்றாகப் பேசினார்கள்.

"அடிப்பாவி! பதினோரு வாரமா?" இது வாசு. "நான் ஒவ்வொரு வாரமும் பாசார் நாத்தத்துல மூக்கப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன், இவ வீட்ல உக்காந்து சிராப் கலக்கியிருக்கா!"

"எனக்கு அப்பவே டவுட்டு," என்றாள் புஷ்பவல்லி. "பச்சையில எந்த ஆறாச்சும் இருக்குமா?"

"பொய்க்காரி லா இவ!"

அந்த வார்த்தை வேறு இரண்டு மூன்று வீடுகளிலிருந்தும் வந்தது. படத்தின் ஓரத்திலிருந்த முழங்கை மெல்லப் பின்வாங்கி மறைந்தது.

சௌதா எல்லாருடைய ஒலியையும் அடைத்தாள். சிந்துவுடையதை மட்டும் விட்டுவைத்தாள். அவளுக்குப் பின்னால், துணிக்கட்டுகளுக்கு இடையில், அந்தப் பச்சைப் போத்தல் செய்தித்தாள் சுற்றியபடியே இருந்தது. கையை நீட்டினால் எட்டும். எடுத்துக் காட்டி, 'யாரும் பொய் சொல்லவில்லை' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லிவிட்டால் கிள்ளானில் மூன்று பேர் பெட்டி கட்ட வேண்டும்.

சிந்து கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாதி முளைத்த பல் உதட்டைக் கடித்திருந்தது.

"டீச்சர்," என்றாள். "கோடு போடுங்க."

சௌதா கணக்குப் புத்தகத்தைத் திறந்தாள். சிவப்புப் பேனாவால் பதினொரு வரியிலும் கோடு போட்டாள், பதினொரு தடவை கையெழுத்துப் போட்டாள். ஒரே கோடுதான் என்பதால் கீழே எழுதியிருந்தது அப்படியே தெரிந்தது. கருஞ்சிவப்பு. கருநீலம். முட்டை மஞ்சள். பிறகு புத்தகத்தை மூடிவிட்டு, "சரி, அடுத்தது லோகன்," என்றாள்.

திங்கட்கிழமை அவள் ரயிலேறிக் கிள்ளானுக்குப் போனாள். ராசிக்கிடம் பல் டாக்டர் என்று சொல்லியிருந்தாள். அவன் நம்பாத முகத்தோடு, "குடை எடுத்துக்க," என்றான்.

தொழிற்சாலைச் சந்தின் ஓரமாகக் கால்வாய் ஓடியது. சிந்து கேமராவில் காட்டியதையெல்லாம் வைத்துச் சௌதா கற்பனை செய்திருந்ததைவிடக் குறுகல். தண்ணீர் தெளிவாக இருந்தது. அடியில் கிடந்த ஒரு செருப்புகூடத் தெரிந்தது. சிமெண்டுச் சுவரில் மட்டும் முழங்கால் உயரத்துக்கு நீலமும் மெரூனும் கலந்து ஒரு கறை. அது எந்த மழைக்கும் போகாத கறை. மணி 9.20. அவள் குனிந்து ஒரு போத்தல் பிடித்தாள். சீட்டில் எழுதினாள்: சௌதா. இடம், தேதி, நேரம். நிறம்: இல்லை. கணக்குப் புத்தகத்தில் சிவப்புக் கோடுகளுக்குக் கீழே ஒன்று என்று எண் போட்டாள்.

தொழிற்சாலையின் கேட்டிலிருந்து ஒரு மோட்டார் சைக்கிள் வந்து அவளுக்குச் சற்றுத் தள்ளி நின்றது. அழகிரி இறங்கவில்லை. ஹெல்மெட்டையும் கழற்றவில்லை. கண்ணாடியை மட்டும் தூக்கினார்.

"கையெழுத்துப் போட்டுட்டாருங்க," என்றார். "பதிவ முழுசாப் பாத்தாராம். சனிக்கிழமை சாயங்காலமே போட்டுட்டாரு."

"சிந்து எப்படி இருக்கா?"

"ஸ்கூலுக்குப் போறா, வர்றா. போத்தலத் தொடறதில்ல. உனக்காகத்தானே சொன்னேன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தாக்கூடப் பரவால்லைங்க. கேக்க மாட்டேங்கறா." சந்தின் மறுமுனையைப் பார்த்தார். "எழுதிக் கொடுத்தது நான். படிச்சது அவ. பொய்க்காரின்னு அவளத்தான் சொன்னாங்க."

சௌதா கணக்குப் புத்தகத்தை மூடினாள்.

"இனி சனிக்கிழமை எதுவும் வராதுங்க. வியாழக்கிழமை. விடிகாலை அஞ்சரைக்குத் தொறப்பாங்க. கறுப்பு."

கண்ணாடியை இறக்கிக்கொண்டு போய்விட்டார். போகும்போது திரும்பிப் பார்க்கவில்லை.

சௌதா அங்கேயே நின்றாள். தொழிற்சாலை மாட்டினால் சாய மாஸ்டருக்கு முதலில் வேலை போகும். அது அவளுக்குத் தெரியும், அவருக்கும் தெரியாமலா இருக்கும்? அந்தத் தகவலோடு, இரண்டு நாள் முன்னால் உறுதியான விசாவையும் அவர் அவள் கையில் வைத்துவிட்டுப் போயிருந்தார். அவள் அதைக் கேட்கவே இல்லை.

கை தன் பழக்கத்துக்குக் கணக்குப் புத்தகத்தைத் திறந்தது. வியாழன், காலை 5.30, கறுப்பு என்று எழுதினாள். இடத்தையும் எழுதினாள். தகவல் யார் தந்தது என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது. அந்தக் கட்டத்தை அவள் ஒருநாளும் நிரப்பாமல் விட்டதில்லை.

காலியாக விட்டுவிட்டு, போத்தலை இறுக மூடிப் பையில் வைத்துக்கொண்டு ஸ்டேஷனைப் பார்த்து நடந்தாள். வியாழக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது.