பேரில்லாத நீல ஜாடி

இதை எழுத ஏழு வருடம் தயங்கினேன். மூன்று தடவை நோட்டு வாங்கினேன். மூன்றிலும் முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி மட்டும்தான் இருக்கிறது. எட்டாம் வகுப்போடு நின்றவன், எழுத்து வராது என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். உண்மை அதுவல்ல. எழுதினால் நான் செய்ததையும் எழுத வேண்டும்.

எங்களுக்கு ஒரே மகன். இடது கைக்காரன். சின்ன வயதில் அம்மாவோடு உட்கார்ந்து பூஜைக்குப் பஞ்சுத் திரி திரிப்பான். அவள் வலது கையால் தொடையில் உருட்டினால் முறுக்கு ஒரு பக்கமாக விழும். அவன் இடது கையால் உருட்டியது நேர் எதிர்ப்பக்கமாக விழும். அவன் திரிகளை மட்டும் பார்த்துப் பொறுக்கி நான் வெளியே எறிவேன். இடது கையால் செய்தது எதுவும் முருகன் முன்னால் வரக்கூடாது என்பது என் பிடிவாதம்.

அவனுக்குப் பத்தொன்பது வயது இருக்கும்போது, கோயில் திருவிழா நெரிசலில் இடது கையால் விளக்கேற்றிவிட்டான். ஊரார் முன்னால் கன்னத்தில் அறைந்தேன்.

“பீச்சாங்கையால சாமிக்கு வெளக்கு பொருத்துவியாலே?”

“இந்தக் கையும் சாமி தந்ததுதானப்பா,” என்றான்.

அந்த வாரமே வடக்கே போய்விட்டான். எப்போதாவது அம்மாவுக்கு போன் வரும். கண்ணாடிச் சூளையில் வேலை என்பதற்கு மேல் சொல்லமாட்டான். என்னிடம் பேசியதில்லை. நானும் போனைக் கேட்டு வாங்கவில்லை.

நாலு வருடம் கழித்து, காய்ச்சலில் போய்விட்டான் என்று தகவல் வந்தது. அது வந்து சேருமுன்பே எல்லாம் அங்கேயே முடிந்திருந்தது. அந்தப் பக்கம் பட்டாளத்தில் இருந்த எங்கள் ஊர்க்காரர் ஒருவர் அவன் பையைக் கொண்டுவந்தார். இரணியல் ரயில்வே ஸ்டேஷனில் போய் வாங்கினேன்.

“சூளைய மூடிப் போட்டானுவ அண்ணாச்சி. கூட வேல பாத்தவனெல்லாம் எங்கெங்கயோ போயாச்சு,” என்றார்.

வீட்டில் பிரித்தோம். பையில் இரண்டு சட்டை, இடுப்பில் கட்டுகிற ஒரு சாரம். சாரத்துக்குள் பொதிந்து ஒரு நீலக் கண்ணாடிப் பூ ஜாடி, ஒரு சாண் உயரம். வெள்ளைக் கண்ணாடி நூல்போல அடியிலிருந்து கழுத்துவரை சுற்றிச் சுற்றி ஏறியது. அடியில் பேரும் இல்லை, முத்திரையும் இல்லை. சொரசொரப்பாக ஒரு வடு மட்டும்.

“இஞ்ச பாருங்க, இது எம்பிள்ள செஞ்சதாக்கும்,” என்றாள் அவன் அம்மா.

“சூளையில கரி அள்ளினவனுக்கு இந்தக் கைவேல எங்கேருந்துட்டீ வரும்? கடையில வாங்கியிருப்பான்.”

“இந்தச் சுத்தப் பாருங்க. அவன் திரிச்ச திரி மாதிரியே போவுது.”

“கண்ணாடிக்கு எந்தப் பக்கம் சுத்தினா என்னட்டீ?”

“ஆமா, உங்களுக்குத்தானே எல்லாம் தெரியும். திரிய எறிஞ்சியள்லா, இதையும் எறிஞ்சிருங்க.”

சாமியறையில் வைக்க நான் விடவில்லை. அடுக்களை ஜன்னலில் வைத்துத் தினமும் செம்பருத்தி போடுவாள். “வெவரம் தெரிஞ்ச யாருட்டயாவது கொண்டுபோய்க் காட்டுங்க. அவன் கைதான்னு ஒருத்தர் சொன்னாப் போதும் எனக்கு,” என்பாள். நாளைக்கு, நாளைக்கு என்று இரண்டு வருடம் தள்ளினேன். அவன் செய்ததுதான் என்று ஆகிவிட்டால், எந்தக் கைக்காக அவனை அடித்தேன் என்பதை நான் தினமும் பார்க்க வேண்டிவருமே.

ஒரு நாள் நெஞ்சு வலிக்கிறது என்றாள். ஆஸ்பத்திரி வாசலிலேயே போய்விட்டாள்.

பதினாறு கழிந்த மறுநாள் ஜாடியைத் துண்டில் சுற்றிக்கொண்டு பத்மநாபபுரத்தில் பழைய சாமான் விற்கும் கடைக்குப் போனேன். கடைக்காரர் ஒரு காலத்தில் கண்ணாடிச் சூளையில் இருந்தவர்.

“புதுச பழசுன்னு சொல்லி நம்ம தலைல கெட்ட வந்தியளா அண்ணாச்சி?” என்று சிரித்தார். என் மழித்த தலையைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டு ஜாடியை வெயிலில் பிடித்துத் திருப்பினார்.

“கைவேலயாக்கும். இந்த வடு, உருகின கண்ணாடிய ஒட்டி உருட்டுத கம்பியிலேருந்து ஒடிச்சு எடுத்த எடம். சூளையில வேல பாக்குதவன் எவன் பேரு போடுவான்? ஆனா ஒண்ணு...”

கடையில் இருந்த இரண்டு ஜாடிகளை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். இரண்டிலும் நூல் ஒரே பக்கமாக ஏறியது. எங்களுடையதில் மாறி ஏறியது.

“வலக்கைக்காரன் கம்பிய உருட்டுத பக்கம் அது. இத மாத்தி உருட்டியிருக்கான். இடக்கைக்காரனாத்தான் இருக்கும். ஆளத் தெரியுமா?”

“எம் மவன்,” என்றேன்.

வீட்டுக்கு வந்து அவளுடைய திரி டப்பாவைத் திறந்தேன். அடியில் ஒரு துணி முடிச்சு. அதில் மஞ்சள் பாரித்துப்போன பத்துப் பதினைந்து திரிகள். நான் எறிந்தவை. அவள் பொறுக்கி வைத்திருக்கிறாள். ஒன்றை ஜாடியோடு சேர்த்துப் பிடித்தேன். முறுக்கும் சுற்றும் ஒரே பக்கம் போயின. ஜாடி வந்த அன்றைக்கே அவள் எனக்கு இதைக் காட்டியிருக்கலாம். மறுபடியும் எறிந்துவிடுவேன் என்று பயந்திருப்பாள்.

ஜாடி இப்போது முருகன் படத்துக்கு முன்னால் இருக்கிறது. அந்தத் திரிகளை ஏற்ற மனம் வரவில்லை, ஏற்றினால் தீர்ந்துவிடும். ‘உம்பிள்ள செஞ்சதுதாண்டி’ என்று அவள் படத்திடம் தினமும் சொல்கிறேன்.

சொந்தக்காரர்கள், பையன் அழகாக ஒரு ஜாடி செய்து அப்பாவுக்கு அனுப்பினான் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு அது ஆறுதல் என்று நினைக்கிறார்கள். அவன் அனுப்பவில்லை. நான் அடித்தேன். அவள் கேட்டாள். நான் தள்ளிப்போட்டேன். இடது கையால் சாமிக்குப் பூ போடுகிற பிள்ளை உள்ள எந்த வீட்டிலாவது இதைச் சொல்லுங்கள். சொல்லும்போது என்மேல் இரக்கப்பட்டு எதையும் மாற்றிவிடாதீர்கள். எழுதியிருக்கிறபடியே சொல்லுங்கள்.