மத்த ரெண்டு பேரும் சரின்னுட்டாங்க

நிறுவனங்களின் பண்பாட்டை மதிப்பிடுவது என் தொழில். ஊழியர்களை உட்காரவைத்து, இங்கே யார் பேச்சு எடுபடும் என்று துருவித் துருவிக் கேட்டு அறிக்கை எழுத வேண்டும். வீட்டில் என் பேச்சே எடுபடாது, அது வேறு கதை.

அந்தத் தொண்டு நிறுவனம் நோயாளிகளுக்குக் கட்டில், சக்கர நாற்காலி இரவல் கொடுத்தது. டாக்டரம்மா, வக்கீல், ஓய்வுபெற்ற வாத்தியார் மூவரும் சமமான தலைவர்கள். மூவரும் கையெழுத்துப் போடாமல் ஓர் ஊன்றுகோல்கூட வெளியே போகக்கூடாது. இந்த ஏற்பாடு சரிவருகிறதா என்று பார்க்க நன்கொடையாளர்கள் என்னை அனுப்பியிருந்தார்கள்.

பன்னிரண்டு வருடமாகக் கருத்து வேறுபாடே வந்ததில்லை என்று மூவரும் ஒரே பாட்டைப் பாடினார்கள். எனக்கு எரிச்சல் வந்தது. புருஷன் பெண்டாட்டிக்குள்ளேயே நடக்காத அதிசயம் இங்கே மட்டும் எப்படி நடக்கும்?

கிடங்குக்குப் போனதும் புரிந்தது. கிடங்கைப் பார்த்துக்கொண்டவர், இடுப்பில் கொத்தோடு அலைவதால் சாவியக்கா என்று பெயர் வாங்கியவர், ஒரு கட்டிலை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். படிவத்தில் மூன்று கட்டமும் காலி.

"கையெழுத்து எங்கக்கா?"

"சாயங்காலம் வாங்கிடுவேன் மேடம். ஒவ்வொருத்தர்கிட்டயும் போய், மத்த ரெண்டு பேரும் சரின்னுட்டாங்கன்னு சொல்வேன். உடனே போட்டுடுவாங்க."

"அடக் கடவுளே! எத்தனை வருஷமா?"

"வந்ததுலேர்ந்து." சக்கரத்துக்கு எண்ணெய் விட்டபடியே சொன்னார். "எங்க வீட்டுக்காரருக்குக் கட்டில் கேட்டிருந்தேன். யாரைக் கேட்டாலும், மத்த ரெண்டு பேரைக் கேக்கணும்னாங்க. பத்தாம் நாள் கட்டில் வந்துச்சு. அவர் முந்தின நாளே போய்ட்டாரு."

கட்டிலைத் திருப்பிக் கொடுக்கப் போன அன்றே அங்கே வேலை கேட்டாராம்.

"இதை எழுதிடுவீங்களா மேடம்? எம்பொண்ணு படிச்சிட்டிருக்கா. வேலை போச்சுன்னா எங்க ரெண்டு பேர் பாடும் திண்டாட்டம்."

எழுதினால் அவர் வேலை போகும், எழுதாவிட்டால் என் அறிக்கையே பொய்.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் பாதி தைரியம்தான் வந்தது. "இந்த வருஷம் ஒரு கட்டிலுக்காவது முதல்ல சரின்னு சொன்னது யாரு?" என்று கேட்டேன். ஒருவரை ஒருவர் கைகாட்டினார்கள். பதிவேட்டோடு வாசலில் நின்றிருந்த சாவியக்கா, "நான்தான்," என்று சொல்லிவிட்டு நடந்ததையெல்லாம் ஒப்பித்தார். சாவிக்கொத்து மேசைக்கு வந்தது.

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றினார். "இப்படி எத்தனை கட்டில் போயிருக்கும்?"

"முன்னூத்திப் பத்து சார்."

"திரும்பி வராதது?"

"கட்டில் ஒண்ணுகூட இல்ல. ஊன்றுகோல் ஒண்ணு. அதுவும் உங்க மச்சினர் கொண்டுபோனது."

வக்கீலுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. டாக்டரம்மா சிரிக்கவில்லை. பழைய பதிவேட்டை எடுத்துவரச் சொல்லி, சாவியக்கா கணவருக்காகக் காத்திருந்த அந்தப் பத்து நாள் பக்கத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சாவிக்கொத்தைத் தன் கையாலேயே எடுத்து நீட்டினார். "அவசரம்னா இனிமே உங்க ஒரு கையெழுத்து போதும். எங்களுக்கு அப்புறமா சொல்லுங்க."

மறுநாள் விடைபெற நான் கிடங்குக்குப் போயிருந்தபோது, ஒரு பெண் கணவருக்குக் கட்டில் கேட்டு வந்தாள். படிவத்தில் ஒரே ஒரு கட்டம். சாவியக்கா பேனாவை எடுத்தவர் என் பக்கம் திரும்பினார்.

"மேடம், அவங்க மூணு பேரும் சரின்னுட்டாங்களா?"

"யாரையும் கேக்கல அக்கா. நீங்கதான் சொல்லணும்."

அவர் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தார். கையெழுத்துப் போட்டார்.