அண்ணையின் படையலில் இடமில்லாத போத்தல்

பாதிச் சுருட்டு. அதைத்தான் முதலில் பார்த்தேன்.

காலையில் கடை திறக்கப் போனபோது, பின் முற்றத்தில், ஆஷ்ட்ரேயில், சாம்பல்கூட உதிராமல் கிடந்தது. மோகன் அண்ணை ஒரு நாளும் சுருட்டைப் பாதியில் விட்டுவிட்டு எழும்புகிறவர் இல்லை.

அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோதே அண்ணையின் மனைவி, அன்ரி, போன் பண்ணினா. "பிள்ளை, கடையைத் திறக்காதை. அவர் போயிட்டார்..."

ஹார்ட் அட்டாக். இரவே, வீட்டில்.

அன்று என்னால் எதுவும் எழுத முடியவில்லை. எல்லோரும் மெழுகுதிரிப் படம் போட்டு ரிப் என்று எழுதி முடித்துவிட்டார்கள். நான் இன்று அவருடைய எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவுக்குப் போய்விட்டு வந்து எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்கு... அண்ணை லண்டன் கோலியர்ஸ் வுட்டில் ஓஃப் லைசன்ஸ், அதுதான் மதுக்கடை, வைத்திருந்தார். ஏ லெவலைப் பாதியில் விட்டுவிட்டு வீட்டில் கிடந்த எனக்கு, பதினெட்டு முடிந்ததும் வேலை தந்தவர்.

என் அப்பாவின் வயது. முதல் நாள் "அங்கிள்" என்று கூப்பிட்டேன். "அங்கிள் எண்டால் சம்பளத்தில வெட்டுவன். அண்ணை எண்டு கூப்பிடும்" என்றார்.

கஸ்டமரிடம் வயதுக்கு ஐடி கேட்க எனக்கு வாய் வராது. பின்னால் நின்று, "கதைக்க ஏலாட்டி விடும், கையை நீட்டும். போலீஸ் எண்டு நினைச்சு தருவாங்கள்" என்றார். நீட்டினேன். முதல் ஆள் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனான். அண்ணை சிரித்த சிரிப்பு தெருவுக்கே கேட்டிருக்கும்.

கடையில் எல்லாப் பியரும் இருந்தது. ஆனால் அண்ணையின் உயிர் ஒரே ஒரு பியரில். பெல்ஜியத்தில் ஒரு மடத்தில், அதிகம் பேசாத கத்தோலிக்கத் துறவிகள் காய்ச்சுவது. கடைகளில் கிடைக்காது. போன் பண்ணிப் பதிந்துவிட்டு, மடத்து வாசலுக்கே காரில் போய் எடுக்க வேண்டும்.

அந்த நம்பர் எப்போதும் எங்கேஜ்ட். கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம் ரீடயல் அமத்துவது என் வேலை. ஒரு நாள் திடீரென்று எடுத்துவிட்டார்கள்.

"சாமி எடுத்திட்டார்! கதையும் பிள்ளை, கதையும்!"

நான் "ஹலோ" என்றேன். அதற்குமேல் வரவில்லை. அந்தப் பக்கமும் சத்தமில்லை.

அண்ணை போனைப் பறித்துப் பதிந்து முடித்துவிட்டுச் சொன்னார். "அவையும் பேசாத ஆக்கள், நீரும் பேசாத ஆள். அங்கயே போய்ச் சேர்ந்திடும்."

ஒரு விஷயம் எழுத வேண்டும். அந்தப் பியரை அவர் ஒரு நாளும் விற்கவில்லை. திருப்பி விற்கக் கூடாது என்பது மடத்தின் நிபந்தனை. "சாமிக்குக் குடுத்த சொல்லு" என்பார்.

அதனால் சும்மா கொடுத்தார். சனிக்கிழமை பின்னேரம் முற்றத்தில் நாலைந்து பேர் வந்து உட்கார்வார்கள். அவர்களில் ஒருவர் டொக்டர் அங்கிள், நல்ல சுருட்டுகள் கொண்டுவருவார். அண்ணை போத்தலைச் சரித்து, அடியில் கிடக்கிற மண்டி கலங்காமல், ஒவ்வொரு கிளாஸாக ஊற்றுவார். தனக்குக் கடைசியில். ஒரு கிளாஸ், ஒரு சுருட்டு. அதோடு சரி.

நான் குடிப்பதில்லை. மணந்து மட்டும் பார்த்திருக்கிறேன். பேரீச்சம்பழமும் கருகின சீனியும் மாதிரி.

"அண்ணை, லண்டனில எங்களுக்கு உங்களை விட்டால் ஆர் இருக்கினம்" என்று டொக்டர் அங்கிள் புகையை விட்டுக்கொண்டு சொல்வார். ஒவ்வொரு சனிக்கிழமையும்.

எட்டில், போனவருக்குப் பிடித்ததையெல்லாம் இலையில் படைப்பது எங்கள் வழக்கம். சாராயம் பிடித்தவருக்குச் சாராயமும் வைப்பார்கள். நான் அந்தப் பியரில் ஒரு போத்தலும் அவருடைய கிளாஸும் கொண்டுபோனேன்.

அன்ரி வாங்கி, கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டு, இலையில் வைத்தா.

அன்ரியின் தம்பி வந்தார். "அக்கா, உதை எடு. சனம் என்ன கதைக்கும்? உதாலதானே மனிசன் போனது." பிறகு டொக்டர் அங்கிள் பக்கம் திரும்பி, "என்ன டொக்டர், நான் சொல்லுறது பிழையே?"

சனிக்கிழமை ஆட்கள் எல்லோரும் சோபாவில்தான் இருந்தார்கள். ஒருவர் போனைப் பார்த்தார். ஒருவர் வடையைப் பார்த்தார்.

டொக்டர் அங்கிள் பெருமூச்சு விட்டார். "நாங்களும் எத்தினை தரம் சொன்னனாங்கள், குடியாதேங்கோ எண்டு. கேட்டால்தானே."

போத்தலை எடுத்துவிட்டு ஒரேஞ் ஜூஸ் வைத்தார்கள். அன்ரி தலையைக் குனிந்துகொண்டு இருந்தா. அவ்வளவு சனத்துக்கு முன்னால் என் அண்ணை ஒரு குடிகாரனாகிவிட்டார்...

கோட் எடுக்க வாசலுக்கு வந்தேன். டொக்டர் அங்கிள் பின்னாலேயே வந்தார். மெல்லிய குரலில் கேட்டார்.

"பிள்ளை, கடைத் திறப்பு உம்மட்டைத்தானே? அந்தச் சாமிமாரின்ர பியர் இன்னும் கிடக்கோ?"

பொக்கெட்டில் கிடந்த சாவியைத் தொட்டுப் பார்த்துத் தலையாட்டினேன்.

"வீணாப் போகாமல் நாங்கள் எடுக்கிறம். அன்ரிக்குச் சொல்ல வேண்டாம், பாவம்."

அவர் பெயரை இங்கே எழுதவில்லை. அவர் இதைப் படிப்பார்.

கடைக்கு நடந்தேன். பெட்டியை ட்ரொலியில் ஏற்றித் தள்ளிக்கொண்டு திரும்பி வந்தேன். சாப்பாடு நடந்துகொண்டிருந்தது. ஹோல் நடுவில், டொக்டர் அங்கிளின் காலடியில் இறக்கி வைத்தேன்.

"நீங்கள் கேட்ட பியர், அங்கிள்" என்றேன். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

செத்த வீட்டில் சொல்லிக்கொண்டு வெளிக்கிடக் கூடாது என்பார்கள். நான் படத்தில் இருந்தவரைப் பார்த்து "வாறன் அண்ணை" என்று சொல்லிவிட்டு, வெறும் ட்ரொலியைத் தள்ளிக்கொண்டு வந்தேன்.