கலங்கல்ல கட்டுன வலை

எங்க தெரு ஏரிக்கரைக்குக் கீழ இருக்குது. மேற்கால பாத்தா கல்வராயன் மலை. அங்க மேகம் கறுத்துச்சுன்னா எங்க கண்ணு ஏரிக்கரை மேலயே இருக்கும். மலையில பெய்யுற மழை ஓடையில எறங்கி நேரா எங்க ஏரிக்குத்தான் வரும். ஏரி நெறஞ்சா மிச்சத் தண்ணி வெளிய போவ ஒரு ஓரமா கல்லு கட்டி வெச்சிருக்குது. அதுக்குக் கலங்கல்னு பேரு.

அந்தக் கலங்கலுக்குக் குறுக்க வலை கட்டுறது எங்க ஊரு வழக்கம். தண்ணியோட மீனு போயிடக் கூடாதாம். கோடையில தண்ணி வத்துனதும் மீன் புடிச்சு, வூட்டுக்கு வூடு கூறு போட்டுக் குடுப்பாங்க. கூலி வேலைக்குப் போற எங்களுக்கு அந்த ஒரு நாளு தீவாளிதான். அதனால வலை கட்டுறது தப்புன்னு யாருக்கும் தோணல. புயல் வந்த வருஷம் வலை கட்டுனவங்கள்ல எங்க வூட்டுக்காரரும் ஒருத்தரு. வலையில ஓட்டை இருக்குதுன்னு அவரு சொன்னதும், அடைக்கிறதுக்குப் பழைய பொடவையக் கிழிச்சுக் குடுத்த மவராசி நான்தான்.

மூணு நாளு விடாத மழை. மலையிலேர்ந்து வந்த தழை, செத்தை, மூங்கிக் கழி, பிளாஸ்டிக்கு எல்லாம் வலையில வந்து அடைச்சுக்கிச்சு. தண்ணி போவ வழியில்லாம ஏறிக்கினே போயி, கரையில தாழ்வா இருந்த எடத்துல வழிஞ்சு, மடார்னு ஒடைச்சுக்கிச்சு. பகல்ல நடந்ததால உசுருக்கு ஒண்ணும் ஆவல. ஆனா எங்க வூட்டு மண் சுவரு நாலும் கரைஞ்சு வுழுந்துச்சு. பள்ளிக்கூடத்துல பத்து நாளு, அப்புறம் தார்ப்பாய்க்குள்ள எட்டு மாசம் கெடந்தோம்.

அதிகாரிங்க வந்து கரை எப்பிடி ஒடஞ்சுதுன்னு கேட்டாங்க. "மழைங்க சார், பேய் மழை"ன்னு தெருவே ஒரே பாட்டு பாடுச்சு. நானும்தான் பாடுனேன். வலையப் பத்தி ஒருத்தரும் வாயத் தொறக்கல. வெக்கக்கேடு!

வூட்ட நாங்களே கட்டுனோம். நான் மண்ணு மிதிச்சேன், அவரு அத அச்சுல போட்டு மண் கல்லு அறுத்தாரு. கரும்பு வெட்டிட்டு வந்து, இருக்குற வெளிச்சத்துல ரெண்டு வரிசை சுவரு ஏத்துவோம். உள்ளங்கையில தோலு உரிஞ்சுது. கதவு மாட்டுன அன்னிக்கு நான் உள்ளாற நின்னுக்கினு தாழ்ப்பாளப் போட்டுப் போட்டுத் தொறந்தேன். இன்னொரு தபா இது வுழுந்தா, மறுபடி கட்ட எங்க ரெண்டு பேரு ஒடம்புலயும் தெம்பில்ல.

அடுத்த ஐப்பசியில ஏரி நெறஞ்சுது. போயிப் பாத்தா, கலங்கல்ல மறுபடியும் வலை! வந்துச்சு பாரு எனக்குக் கோவம். ஊரு பெரியவர்கிட்ட போயி, "மாமா, போன வருஷம் பட்டது போதாதா? வலைய அவுக்கச் சொல்லுங்க"ன்னேன். "கரையத்தான் ஒசத்திக் கட்டியாச்சே, போம்மா. உன் ஒருத்திக்காக ஊரு மீன வுட முடியுமா?"ன்னாரு. பக்கத்துல எங்க வூட்டுக்காரரு காலால மண்ணக் கீறிக்கினு நின்னாரு.

மறுநாள் மதியானம் மலையே கண்ணுக்குத் தெரியல, அவ்ளோ மழை. கரும்பு வெட்டுற கத்திய எடுத்துக்கினு கெளம்பிட்டேன். கலங்கல்ல முழங்கால் தண்ணி. செத்தை அதுக்குள்ள பாதி வலைய மூடியிருந்துச்சு. எறங்கி அறுக்க ஆரம்பிச்சேன். கரையில கூட்டம் சேந்துபோச்சு.

"ஏய், இன்னா பண்றே? உங்கப்பன் வூட்டு மீனா அது?"ன்னு ஒருத்தன் கத்துனான்.

"போன வருஷம் ஏரியே போச்சே, அப்ப உனக்கு எத்தினி மீனு பங்கு வந்துச்சு? சொல்லுய்யா!"ன்னேன்.

எனக்கு ஒத்தாசைக்கு எறங்கி வர ஆளில்ல. அறுத்த வழியா கெண்டை மீனுங்க என் கால உரசிக்கினு போச்சுங்க. ஒவ்வொண்ணும் போவச்சொல்ல எனக்கும் வயிறு எரிஞ்சுது, இல்லன்னு சொல்ல மாட்டேன். வலையக் கட்டியிருந்த நடுக்கழிகிட்ட ஒரு பெரிய முடிச்சு. கத்தி ஏறவே இல்ல. கை மரத்துப் போச்சு. தண்ணி தொடைக்கு வந்துடுச்சு. என் வூட்டுக் கதவு கரைக்குக் கீழ தெரியுது. வுட மாட்டேன்னு பல்லக் கடிச்சுக்கினு அறுத்தேன்.

பின்னால யாரோ தண்ணியில எறங்குற சத்தம் கேட்டுச்சு. புடிச்சு இழுக்கத்தான் வராங்கன்னு கத்திய இறுக்கிப் புடிச்சுக்கினு திரும்புனேன். எங்க வூட்டுக்காரரு.

"தள்ளிக்கமே. அது நான் போட்ட முடிச்சு. போன வருஷமும் நான்தான் போட்டேன், கரைய ஒடச்சதும் அதுதான்"ன்னு, கரையில நிக்குற அத்தினி பேருக்கும் கேக்குற மாதிரி சொன்னாரு. சொல்லிட்டுக் குனிஞ்சு அவுத்தாரு.