கால் தூக்காமல் இறங்கும் தொட்டி

வீடு கட்டுகிற மேசன் பொழுதுபட்டால் கைகழுவிவிட்டுப் போய்விடலாம். நடக்க ஏலாதவர்களுக்குக் குளிக்கும் தொட்டி கட்டுகிறவனுக்குக் கட்டி முடித்த பிறகுதான் கவலையே தொடங்கும். மற்றவரின் உடம்புக்கு அளவெடுத்து வேலை செய்கிற தையற்காரருக்கும், செருப்புத் தைப்பவருக்கும், பல்லுக் கட்டுகிறவருக்கும் இந்தக் கரைச்சல் விளங்கும். உங்களை நம்பித்தான் இதையெல்லாம் சொல்லுகிறேன்.

ஐம்பதுகளின் நடுவில், இரணைமடு வாய்க்கால் வேலை முடிந்து, கையில் வேலையில்லாமல் கிளிநொச்சியில் நின்றேன். அந்த நாட்களில் எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் கிணற்றடிக் குளிப்புத்தான். நிற்க ஏலாதவரை இரண்டு பேர் பிடிக்க, இன்னொருவர் தண்ணீர் வார்ப்பார். இருந்தபடி குளிக்க ஒரு சீமெந்துத் தொட்டி கட்டித் தரமுடியுமா என்று ஒரு அம்மா கேட்டார். ஓம் என்று சொல்லிவிட்டேன். அன்றோடு என் நிம்மதி போனது.

முதல் தொட்டி

அந்த அம்மாவின் கணவர் ஓய்வுபெற்ற தபாலதிபர். பாரிசவாதம் வந்து அவருடைய வலக்கால் நிலத்தை விட்டு எழும்பாது. நான் மாட்டுக்குத் தண்ணீர்த் தொட்டி கட்டிப் பழகினவன். அதைப்போலவே இடுப்பளவுக்குச் சுவர் வைத்து, உள்ளே பளபளவென்று பூசிக் கொடுத்தேன். தண்ணீர் நிரப்பின அன்று அயல் முழுக்க வந்து பார்த்தது.

அந்த மனிதரைச் சுவருக்கு மேலால் தூக்கி உள்ளே இறக்க நாலு பேர் வேண்டியிருந்தது. வெளியே எடுக்கவும் அதே நாலு பேர். முன்பு பிடித்தால் போதும், இப்போது தூக்க வேண்டும். தலை துவட்டும்போது அவர் கண்ணை மூடிக்கொண்டார். அம்மா என்னைக் கிணற்றுக்குப் பின்னால் கூப்பிட்டு, குரலை உயர்த்தாமல் சொன்னார்: "தம்பி, தொட்டியில ஒரு குறையும் இல்லை. இவர் அதுக்குள்ளயே பிறந்திருந்தா நல்லாக் குளிச்சிருப்பார்."

பலகைக் கதவு

சாப்பிடும்போதும் சைக்கிள் ஓடும்போதும் அந்தச் சுவர்தான் கண்முன் நின்றது. வாய்க்காலின் துருசு மதகில் தண்ணீரை மறிக்கப் பலகை இறக்குவோமே, அதேபோலச் செய்தால் என்ன? தொட்டியின் ஒரு பக்கத்தில் நிலம்வரை வாசல் விட்டு, இரு கரையிலும் நீளப் பள்ளமாகத் தவாளிப்பு வைத்து, ஒரு முதிரைப் பலகையை இறக்கினேன். கசியாமலிருக்க விளிம்பில் சைக்கிள் ரியூப் வெட்டி ஒட்டினேன். காலைத் தூக்காமல் நடந்து உள்ளே போய், இருந்து, பலகையை இறக்கி, அதன்பிறகு தண்ணீர் விடலாம்.

முல்லைத்தீவில் புடவைக்கடை வைத்திருந்த காசிம் நானாவுக்கு இரண்டு முழங்காலும் மடங்காது. இந்தத் தொட்டியை முதலில் அவருக்குத்தான் கட்டினேன். உள்ளே போவதில் கரைச்சல் இல்லை. ஆனால் தண்ணீர் வடியுமட்டும் பலகையைத் தூக்க முடியாது, நான் விட்ட ஓட்டையோ விரல் மொத்தம். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு நேரமாகிறது. மனிதர் குளித்து முடித்து, ஈர உடம்போடு உள்ளே இருந்து, தண்ணீர் குறைவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பள்ளிவாசலில் பாங்கும் சொல்லியாயிற்று. இதைக் கேள்விப்பட்டு, மறுநாளே ஓடிப்போய் ஓட்டையைப் பெருப்பித்து, பெரிய மரத்தக்கை ஒன்று போட்டுக் கொடுத்தேன். அடுத்த வெள்ளி அவருடைய கால் தட்டித் தக்கை கழன்றுவிட்டது. கடைக்குப் போனபோது கதிரை தந்து, குடிக்கப் பிளேன்ரீ தந்து, அதன்பிறகுதான் சொன்னார்: "முந்தித் தண்ணி என்னை விடேல்ல. இப்ப சவுக்காரம் போக முன்னம் தண்ணி என்னை விட்டிட்டுப் போகுது. ரெண்டுக்கும் நடுவில ஒண்டு உன்னட்ட இல்லையா தம்பி?"

கட்டின கால்

இதற்குப் பிறகு, நானே குளித்துப் பார்க்காமல் எதையும் ஒருவருக்கும் கொடுப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். வளவில் ஒரு மாதிரித் தொட்டி கட்டினேன். ஒரு காலை மடக்கிச் சாரத்துணியால் கட்டிக்கொண்டு அதற்குள் இறங்குவேன். எந்த இடத்தில் கை தானாகப் பிடி தேடுகிறதோ, அங்கே கரியால் கோடு போட்டு, பிறகு இரும்புக் குழாய் பதிப்பேன். பளபளத்த பூச்சில் வழுக்கி விழுந்தபிறகுதான், சீமெந்து காய்வதற்கு முதல் ஈர்க்குமாறால் கீறவேண்டும் என்ற புத்தி வந்தது.

ஒருநாள் காலையும் கையையும் சேர்த்துக் கட்டியிருந்தேன். முடிச்சு நனைந்து இறுகிவிட்டது. கூப்பிட்டுக் களைத்தபிறகு, என்னோடு வேலை செய்த சிவராசா வந்தான். கத்தியை எடுக்கமுதல் தொட்டியைச் சுற்றி நடந்து வடிவாகப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "அண்ணை, ஏலாதவைக்குத் தொட்டி கட்டுறியள், சரி. அதுக்காக ஏலாத ஆளையும் நீங்களே செய்யவேணுமே?"

உள்பக்கக் கொண்டி

தண்ணீரூற்றில் பவளம் என்றொரு பெண். சின்ன வயதில் இளம்பிள்ளைவாதம் வந்து இரண்டு காலும் சூம்பிப்போனவள். வீட்டிலிருந்து சட்டை தைத்துக் கொடுப்பாள். அயலவர் கிணற்றடிக்கு வரமுதல், விடியும் கையோடு தாய் அவளைத் தூக்கிக்கொண்டுபோய்க் குளிப்பாட்டிவிடுவார். தாய்க்கு முதுகு ஏலாமல் வரத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். நான் தாயிடம் தொட்டிக்கு உயரம் கேட்டேன். பவளம் உள்ளே இருந்து, குளிக்கப் போவது தான்தான், தன்னிடம் கேட்கச் சொன்னாள்.

தான் இருக்கும் வாங்குப் பலகையைத் தொட்டியோடு ஒட்டிப் போட்டு, அதன் உயரமும் தொட்டித் திண்டின் உயரமும் ஒன்றாக இருந்தால், கையை ஊன்றி அரக்கி அரக்கித் தானே போய்விடுவேன் என்றாள். சுற்றிவரக் கிடுகு வேலியும் கதவும் கேட்டாள். கதவைச் சாத்திக்கொள்ள உள்பக்கம் ஒரு கொண்டி வேண்டும் என்றாள். தாய் ஒரேயடியாக மறுத்துவிட்டார். விழுந்தால் யார் திறப்பது? எனக்கும் அதே பயம். முடிவு சொல்லாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டிலும் இருப்புக் கொள்ளவில்லை. திரும்பிப் போய், நிலத்தில் கிடந்தாலும் கை எட்டக்கூடிய தாழ்வில் கொண்டியைப் பொருத்தினேன்.

முதல்நாள் தாய் தொட்டியை நிரப்பிவிட்டு வெளியே வந்தார். கொண்டி விழுந்த சத்தம் கேட்டது. கொஞ்சநேரம் தண்ணீர் அளையும் சத்தம், பிறகு ஒன்றுமில்லை. தாய் என்னைப் பார்த்தார், நான் கதவைப் பார்த்தேன். தாய் பொறுக்கமாட்டாமல் தட்டினார். உள்ளேயிருந்து நிதானமாகப் பதில் வந்தது: "விழுந்தா நான் கூப்பிடுவன் அம்மா, அண்ணை கதவை உடைக்கட்டும். கூப்பிடாத நேரம் என்னைக் குளிக்க விடுங்கோ."

வாய்க்கால் படி

கந்தையர் யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத்துக்கு வந்து இரணைமடுத் தண்ணீரில் நெல் விதைத்தவர். பாம்பு கடித்து ஒரு கால் எடுக்கவேண்டி வந்தது. பிள்ளைகள் ஆசையாகத் தொட்டி கட்டுவித்தார்கள். அவர் ஒருதரம் குளித்துவிட்டு, அடுத்தநாள் கக்கத்தடியோடு வாய்க்காலுக்குப் போய்விட்டார். களிமண் படியில் சறுக்கி விழுந்தும்விட்டார். பிள்ளைகள் என்னோடு கோபித்தார்கள். திண்டை உயர்த்தினேன், பிடியை மாற்றினேன். ஒன்றும் சரிவரவில்லை. கடைசியில் அவரையே கேட்டேன். தொட்டிக்குள் கதைக்க ஆளில்லை என்றார்.

நான் வாய்க்காலடிக்கே போய், படியைச் சீமெந்தில் கட்டி, ஓரமாகப் பிடிக்க ஒரு கம்பி நட்டேன். ஒரு கிழமை போகமுன்னம் பிள்ளைத்தாய்ச்சிகள், முழங்கால் நோக்காரர், உடுப்பு மூட்டையோடு வருகிறவர்கள் எல்லாரும் அந்தக் கம்பியைப் பிடித்துத்தான் இறங்கினார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. படிக்கு மேலே கக்கத்தடியோடு நின்ற கந்தையரிடம் எப்படி என்று கேட்டேன். "நல்ல கம்பி தம்பி. என்ர முறை வருமட்டும் ஒற்றைக்காலில நிக்கிறன்," என்றார்.

சீமெந்து ஒரு கிழமையில் இறுகி அசையாமல் நின்றுவிடும். அதில் குளிக்க வந்த மனிதர்தான் என்னை ஒருநாளும் ஓரிடத்தில் நிற்க விடவில்லை.