இஸ்திரிச் சூடு

ஐம்பது வயதில் ரிமோட் கார் ஓட்டுகிறேன் என்று ஆம்பூரில் யாரிடமும் நான் சொன்னதில்லை. ஷூ கம்பெனியில் என்னுடன் வேலை செய்பவர்கள் சிரிப்பார்கள் என்று பயம்.

பேட்டரியில் ஓடுவதல்ல, எண்ணெய் ஊற்றி ஓட்டும் நிஜ இன்ஜின். புதிது என்பதால் சூடாக்காமல் கிளப்பினால் உள்ளே தேய்ந்துவிடும். வழக்கமாக ஹேர் டிரையர் பிடிப்பேன். அந்த மார்கழி ஞாயிறு காலையில் கரன்ட் இல்லை. தெருமுனையில் இஸ்திரி போடும் ஸ்டெல்லாவின் கரிப்பெட்டி நினைவுக்கு வந்தது. காரைப் பைக்குள் மறைத்துக்கொண்டு போய், அவரிடம் வெளியே எடுத்துக் காட்டி, இன்ஜினைச் சூடாக்க வேண்டும் என்றேன்.

"இன்னாண்ணா, யாருது இது?"

"தங்கச்சி பையனோடது. எண்ணெய் இன்னும் ஊத்தல, பயப்படாத."

ஸ்டெல்லா பழைய துணியை நாலாக மடித்து, பெட்டியால் அழுத்திச் சூடேற்றி, இன்ஜினைச் சுற்றிக் கட்டினார். அது ஆறியதும் இன்னொரு துணி. குழந்தைக்கு ஒத்தடம் கொடுப்பதுபோல அத்தனை பதமாகச் செய்தார்.

தள்ளிப்போய் எண்ணெய் ஊற்றிக் கிளப்பினேன். கார் தெருவில் சீறிக்கொண்டு ஓடியது.

"உங்க தங்கச்சி பையன் குடுத்து வெச்சவன்ணா."

எனக்குத் தாங்கவில்லை. "என்னோடதுதாம்மா."

"தெரியும்ணா. அடுத்தவங்க வண்டிய யாராச்சும் இவ்ளோ தொடச்சி எடுத்துனு வருவாங்களா?"

இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை கரன்ட் இருந்தாலும் ஸ்டெல்லாவிடம்தான் போகிறேன். பை எடுத்துப்போவதில்லை.